விடியற்கால டிரிப்பு

1

புதன்கிழமை காலையில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் சமூகக் கூடத்தில், வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி செய்வோம். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவோம். கணுக்காலைச் சுழற்றச் சொன்னால் சுழற்றுவோம். பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் காப்பியும் பிஸ்கட்டும் தருவார்கள். மார்கரெட் என்கிற அம்மாள் இதையெல்லாம் பொறுப்பாக நடத்துகிறார். எல்லோர் பெயரையும் நினைவில் வைத்திருப்பார். என் பெயரை மட்டும் "வாசாண்டா" என்பார். வசந்தா என்று திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இன்று காலை வெளியே எலும்புக்குள் இறங்குகிற குளிர். கனடாவில் இந்த எட்மன்டன் ஊருக்கு வந்து இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். ஆனாலும் கதவைத் திறக்கும்போது மூச்சு ஒரு நொடி நின்றுதான் போகிறது. கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து, கோட்டைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் உக்ரேன் நாட்டுக் கிழவர் ஒருவர் இருந்தார். அவருக்கு என் அளவுக்குத்தான் ஆங்கிலம். "மை ஃப்ரெண்டு. டுடே ஒன் இயர்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்து, "ஹாப்பி பர்த்டே" என்றார்.

"தாங்க்யூ" என்றேன். வேறு என்ன சொல்ல.

இன்றோடு சுபைதா இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

2

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருக்கும்போதே வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டினோம். அப்போது அந்தத் தெருவில் பாதி வீடுகள்கூட வரவில்லை. போளூர், செங்கம், கீழ்பென்னாத்தூர் என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. கணவர் போன பிறகுதான் எனக்கு அந்தத் தெரு ஆட்களின் முகங்களே பழக்கமாயின.

ஒரு கோடையில் குழாயில் தண்ணீர் நின்றுபோய் லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள். லாரிக்காகக் காத்திருப்பது வயசானவர்கள்தான். வெயிலுக்கு ஒதுங்க ஒரு பாதி கட்டிய வீடு இருந்தது. துபாயில் இருக்கிற யாரோ தூணும் தளமும் போட்டதோடு நிறுத்திவைத்திருந்த வீடு. அதன் கீழே குடங்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். மழை வந்து குழாயில் தண்ணீர் வந்த பிறகும் அங்கே உட்காருவது நிற்கவில்லை. சாயங்காலமானால் ஒவ்வொருவராக பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். தெருப் பையன்கள் எங்களுக்கு "பெருசுங்க செட்டு" என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம்.

செட்டுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. ஆனால் சத்தம் போடுகிற ஆள் ஒருவர் இருந்தார். தனபால் சார், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கேரம் போர்டு கொண்டுவந்தது அவர். ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் வாங்கிவைத்து வாரம் ஒரு நாள் எல்லோருக்கும் பார்த்தது அவர். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, ஷேர் ஆட்டோ பேசி, மலையைச் சுற்றிவிட்டு அடி அண்ணாமலையில் இறங்கி டீ குடித்துவிட்டு வருகிற ஏற்பாடும் அவருடையதுதான்.

சுபைதாவை நான் சரியாகப் பார்த்தது அடி அண்ணாமலையில்தான். அவர் வீட்டுக்காரர் டவுனில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்து இறந்துபோனவர். மகன் அன்வரோடு எங்கள் தெருக் கடைசியில் இருந்தார். எல்லோரும் கோயிலுக்குள் போனதும் அவர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செருப்பையும் பைகளையும் பார்த்துக்கொள்வார். எனக்கு அன்று முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நானும் உள்ளே போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உள்ள போவலியா அக்கா?"

"முட்டி வலிக்குது."

"சாமிகிட்ட கோச்சிக்கினீங்கன்னு நெனச்சேன்."

"கோவம் இல்லாம இருக்குமா? வீட்டுக்காரர் போயி ஆறு மாசம்தான் ஆச்சு."

சுபைதா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு எட்டு வருசம் ஆச்சு. கோவம் கம்மியாவும். ஆனா போவாது" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த வறுத்த வேர்க்கடலையை எடுத்து என் கையில் பாதி கொட்டினார். அதற்குமேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே அடுத்த முறை முட்டி நன்றாக இருந்தபோதும் நான் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

3

தனபால் சாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோதுதான் ஆஸ்பத்திரி முறை ஆரம்பித்தது. அவருடைய பிள்ளைகள் பெங்களூரில். ஒருவன் வந்து ஒரு நாள் இருந்துவிட்டு லீவு இல்லை என்று போய்விட்டான். நாங்களே முறை போட்டுக்கொண்டு மாற்றி மாற்றிப் போய் உட்கார்ந்தோம். காலையில் ஒருவர், மதியம் ஒருவர். கஞ்சி ஒருவர் வீட்டிலிருந்து, துவைத்த துணி இன்னொருவர் வீட்டிலிருந்து. அவர் எழுந்து நடமாடிய பிறகு, யாருக்கு உடம்புக்கு வந்தாலும் இப்படித்தான் என்று ஆகிவிட்டது. அவரே முறை பிரித்துக் கொடுப்பார். பழைய கண்டக்டர் பழக்கத்தில் அதை டிரிப்பு என்பார். "கலெக்டர் ஆபீஸ் அம்மா, ஒங்களுக்கு நாளைக்கு மத்தியானம் டிரிப்பு. லேட் பண்ணாதீங்க, நான் டைம் கீப்பர் மாதிரி நிப்பேன்."

நான் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது எனக்கும் அந்த டிரிப்பு கிடைத்தது. சுபைதாதான் என் தலையைச் சீவிப் பின்னிவிட்டார். ஆனால் விழுந்த செய்தி எட்மன்டனுக்குப் போனதும் என் மகன் கார்த்தி பயந்துவிட்டான். ஒரே பிள்ளை. "இனிமே நீ அங்க தனியா இருக்கக் கூடாதும்மா" என்றான். தனியாக இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எத்தனை நாளைக்குப் பார்ப்பார்கள் என்று கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான். அவனுக்குப் புரிகிற மாதிரி செட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போகலாமா வேண்டாமா என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது சுபைதா சொன்னது ஒன்றுதான். "புள்ள கூப்புடுறப்பவே போயிடணும் அக்கா. அப்புறம் கூப்புடாம பூட்டா நாம என்னா பண்றது?"

4

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இங்கே எங்கள் வீட்டுப் பகல் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டும். காலையில் மகன், மருமகள் சிந்து, பேத்தி நிலா மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராகக் கிளம்பிப் போவார்கள். கராஜ் கதவு கடகடவென்று இறங்கும். அதற்கப்புறம் சாயங்காலம் அந்தக் கதவு ஏறுகிற வரைக்கும் வீட்டில் ஒரு குரல் கேட்காது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் மனிதர்கள் நடக்க மாட்டார்கள். ஒரு நாள் ஒருவர் நடந்து போனார். அவர் தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

நிலாவுக்குப் பதிமூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆரம்பத்தில் திருத்தினேன். பிறகு அவள் என் அறைப் பக்கம் வருவது குறைந்துவிட்டதைப் பார்த்துத் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

சமூகக் கூடத்து வயதானவர் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டது சிந்துதான். முதல் நாளே மார்கரெட் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, இங்கே ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. கணவர் இறந்துவிட்டார், மகன் கூப்பிட்டான், பொழுதைப் போக்க வந்தேன் என்று சொல்ல நினைத்தேன். ஆபீசில் 'டைம் பாஸ்' என்று சொல்லிப் பழகிய வாய். "ஐ கேம் ஹியர் டு பாஸ் அவே" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அர்த்தம் சாவது என்று அப்போது எனக்குத் தெரியாது. மார்கரெட் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, வயதானவர்களின் மனநலம் பார்க்கிற ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். மகன் இன்னும் வரவில்லை. நிலாதான் மொழிபெயர்த்தாள். தன்னிடம் இருக்கிற கொஞ்சம் தமிழை வைத்துக்கொண்டு, "பாட்டி, நீ சாகறதுக்கு பிளான் வெச்சிருக்கியான்னு கேக்கறாங்க" என்றாள். அவள் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லைன்னு சொல்லு" என்றேன்.

"ஹாப்பியா இருக்கியான்னு கேக்கறாங்க."

அதற்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு மகன், "தப்பாதானே சொன்ன? இங்கிலீஷ் தப்புதானே?" என்று கேட்டான். "ஆமாம்டா" என்றேன். நான் சொன்னதை அவன் நம்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

5

போன குளிர்காலத் தொடக்கத்தில் சுபைதாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது என்று செட்டின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்க, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வயதும் சர்க்கரையும் சேர்ந்து நம்பிக்கை கம்மி என்று அன்வரிடம் சொல்லியிருந்தார்கள்.

போக வேண்டும் என்று மகனிடம் சொன்னேன். என் பாஸ்போர்ட் காலம் முடியப்போகிறது என்று அவன் அதைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தான். அது திரும்பி வராமல் நான் எங்கேயும் போக முடியாது. மகன் குறை சொல்ல முடியாதபடி தினமும் அந்த ஆபீசுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் சங்கீதம் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு குரல், "ப்ராசஸ்ல இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லும். அந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. "மேல போயிருக்குங்க, வந்தா சொல்றோம்" என்று கலெக்டர் ஆபீசில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பொய் சொன்னதில்லை, நிஜமாகவே மேலேதான் போயிருக்கும். ஆனால் அந்த ஜனங்கள் ஆபீஸ் வாசலில் கொஞ்ச நேரம் போகாமல் நிற்பார்களே, அது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

தனபால் சார் போன் பண்ணினார்.

"கலெக்டர் ஆபீஸ் அம்மா, ஒங்களுக்கு ஒரு டிரிப்பு போட்டிருக்கேன்."

"நான் எப்படி சார் வர்றது?"

"வர வேணாம். கேளுங்க. ராத்திரிக்கு மருமவ ரேஷ்மா இருக்குது. விடியற்காலம் அஞ்சு மணிக்கு அது ஊட்டுக்குப் போயி சோறாக்கி, புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பணும். அன்வருக்கு பேக்கரில அடுப்பு வேல, அந்நேரம் வுட்டுட்டு வர முடியாது. நம்ம செட்டு ஆளுங்க போய்ச் சேர ஏழரை ஆவுது. நடுவுல அந்த அம்மா தனியா பயந்துக்கினு கெடக்குது. அந்நேரம் ஒங்களுக்கு சாயங்காலம்தானே?"

"ஆமாம்."

"அப்ப போன்ல உக்காருங்க. அது ஒங்க டிரிப்பு."

6

அப்படித்தான் ஆரம்பித்தது. இங்கே வெளிச்சம் மங்கி, தெருவிளக்குகள் பனியின்மேல் மஞ்சளாக விழ ஆரம்பிக்கும்போது நான் சமையலறை மேசையில் உட்கார்வேன். அங்கே ரேஷ்மா கிளம்புவதற்கு முன் மாமியாரின் போனைத் தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள். திரையில் சுபைதாவின் முகமும், பின்னால் பச்சைச் சுவரும் தெரியும். எனக்கு நேற்றைய சாயங்காலம், அவருக்கு இன்றைய விடியற்காலை.

பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. இங்கே தக்காளி என்ன விலை என்று கேட்பார். சொன்னால், "அவ்ளோ வெல குடுத்தா ரசத்த தொட்டு நாக்குல வெச்சிக்கினு எழுந்துடணும்" என்பார். பனி எப்படியிருக்கும் என்று கேட்டார். போனைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரு கடைல பஞ்சு அடிக்கிறப்போ இப்டித்தான் இருக்கும். தும்மலா வரும்" என்றார். உக்ரேன்காரரைப் பற்றியும், நான் சாகத்தான் வந்தேன் என்று கூடத்தில் அறிவித்த கதையையும் சொன்னேன். ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே சிரித்தார். இருமலாகிவிட்டது. பக்கத்துப் படுக்கைப் பெண் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் நீர் வர, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு நாள் நர்ஸ் வந்து, "அட்டெண்டர் யாரும்மா? யாருமே இல்லையா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன் சிஸ்டர்" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் குனிந்து போனைப் பார்த்தாள். "நீங்க எங்க இருக்கீங்க?"

"கனடாவுல."

"சரி" என்றாள். சிரிக்கவில்லை. "இவங்க மாத்திரை சாப்பிட்டுட்டாங்களான்னு பாத்துக்குங்க."

இன்னொரு நாள் சுபைதா பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். நான் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியில் தொங்கிய பாட்டிலில் மருந்து தீர்ந்து, குழாயில் ரத்தம் மெல்ல ஏறுவது தெரிந்தது. பக்கத்துப் படுக்கைப் பெண்ணைச் சத்தம் போட்டு எழுப்பி, சிஸ்டரைக் கூப்பிட வைத்தேன். தனபால் சார் அன்று முழுக்க அதைச் செட்டில் எல்லோரிடமும் சொன்னாராம். எனக்கும் பெருமையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்றால் அதுதான்.

வீட்டில்தான் சங்கடம். அந்த நேரத்தில்தான் மூன்று பேரும் திரும்பி வருவார்கள். ஆஸ்பத்திரி இருமலும், நர்ஸ் கூப்பிடுகிற சத்தமும், டிராலி சத்தமும் சமையலறை முழுக்கக் கேட்கும். நிலா தன் தோழியைக் கூட்டிக்கொண்டு வந்த நாளில், இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அன்றைக்கு மகன் சொன்னான். "அம்மா, தினமும் இதேதானா? நீ இங்க வந்தும் அங்கயேதான் இருக்க. இங்க இருக்கிறவங்களோட கொஞ்சம் பழகேன்."

"அவங்களுக்கு உடம்பு முடியலடா."

"தெரியுது. நான் நிறுத்தச் சொல்லல." கோட்டைக் கழற்றி மாட்டினான். "சரி, விடு."

யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று மறுநாளிலிருந்து போனை எடுத்துக்கொண்டு துணி துவைக்கிற அறைக்குப் போய்விட்டேன். சாப்பிடக் கூப்பிட்டால், "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் வர்றேன்" என்று உள்ளேயிருந்து சொல்வேன்.

7

ஒரு நாள் நான் கூப்பிட்டபோது போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ரேஷ்மாவிடம் கேட்டேன். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆம்பூரில் இருக்கும் மகள் ஷாஹின் வந்து, தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். போனும் அவர்களோடு போய்விட்டது.

தினமும் அந்த நேரத்துக்குப் போட்டுப் பார்த்தேன். அணைத்தேதான் இருந்தது. அன்வரிடம் கேட்டேன். "அக்கா பாத்துக்குறாங்கம்மா. பேசச் சொல்றேன்" என்றான். மறுபடி கேட்கத் தயக்கமாக இருந்தது. மகளுக்கு மேல் நான் யார்? தனபால் சார்கூட, "சொந்தம் உள்ள பூந்துட்டா நம்ம டிரிப்பு கேன்சல்மா" என்றார். அவர் குரலிலும் சத்தம் இல்லை.

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. தாமரைப் பூ போட்ட காலை வணக்கத்துக்கும், சிலிண்டர் வண்டி நாளை வரும் என்கிற அறிவிப்புக்கும் நடுவில், சுபைதா அம்மா நேற்று ஆம்பூரில் காலமானார், அடக்கமும் முடிந்தது என்று யாரோ எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒரு கும்பிட்ட கையைப் போட்டேன். அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அதைக் களைந்து வைத்தேன்.

8

பாஸ்போர்ட் வசந்த காலத்தில் வந்தது. ஆடி மாதத்தில் ஊருக்குப் போனேன். திரும்புகிற டிக்கெட் கையில் இருந்தாலும், அதை ரத்து செய்துவிட்டு வேங்கிக்காலிலேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். மகனிடம் சொல்லவில்லை.

துபாய்க்காரர் திரும்பி வந்து வீட்டைக் கட்டி முடித்துவிட்டார். பெரிய கேட்டு, கிரானைட், மாடியில் வாடகைக்கு என்று போர்டு. செட்டில் இருந்தவர்களில் ஒருவர் மகளோடு சென்னைக்குப் போய்விட்டார், ஒருவர் படுக்கையில், இரண்டு பேர் இல்லை. மிச்சமிருந்தவர்கள் பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாராவது பஸ்ஸுக்கு வந்தால் எழுந்து இடம் விட வேண்டும். தனபால் சார் இளைத்துப்போயிருந்தார். "கேரம் போர்ட கரையான் அரிச்சிடுச்சிமா" என்றார்.

ஆம்பூருக்கு என்னை அழைத்துப் போனது அவர்தான். பஸ்ஸில் பழைய கண்டக்டர் என்று தெரிந்ததும் முன்சீட்டு கொடுத்தார்கள். வழியெல்லாம் அவர் தூங்கிக்கொண்டே வந்தார். ஷாஹினின் வீட்டு முனைவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "நீங்க போயி பேசுங்க. நான் டீக்கடைல இருக்கேன்" என்று நின்றுவிட்டார்.

ஷாஹின் ஷூ கம்பெனியில் தைக்கிற வேலைக்குப் போகிறவள். அன்று ஞாயிற்றுக்கிழமை. சுபைதாவின் அதே அகன்ற நெற்றி. நான் யார் என்று சொன்னதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னாள். டீ கொடுத்தாள். தாய் படுத்திருந்த கட்டில் அந்த அறையிலேயே இருந்தது. அதன்மேல் துவைத்த துணிகள் குவிந்திருந்தன. கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். ரொம்பக் கஷ்டப்படவில்லை என்றாள். பிறகு நான் கேட்காமலே சொன்னாள்.

"போன நான்தாம்மா ஆஃப் பண்ணி வெச்சேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"விடியற்காலத்துல முழிச்சிக்கினு, அக்கா பேசுற நேரம் ஆச்சு, போனக் குடுன்னு கேப்பாங்க. சார்ஜ் இல்லம்மா, நாளைக்குன்னு சொல்லிடுவேன். ஒங்க மேல கோவம்னு இல்ல. கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து எனக்கு கம்பெனி, புள்ளைங்க, மாமியாரு. எங்கம்மாகூட உக்காந்து பேசினதே இல்ல. கடைசியில டாக்டரு கொஞ்ச நாள்தான்னு சொல்லிட்டாரு. அந்தக் கொஞ்ச நாளு எனக்கு வேணும்னு நெனச்சேன்."

"பேசினாங்களா உன்கிட்ட?"

ஷாஹின் கட்டிலின்மேல் இருந்த துணி ஒன்றை எடுத்து மடித்தாள். "ஆஸ்பத்திரில நான் வந்தப்போ பாத்தேனே. ஒங்ககிட்ட போன்ல அப்டி சிரிச்சாங்க. எங்கிட்ட, சாப்டியா, புள்ளைங்க சாப்டுச்சா, அவ்ளோதான். நான் என்னா கேக்கறதுன்னு எனக்கும் தெரியல." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்ககிட்ட அப்டி என்னாம்மா பேசுவாங்க?"

தக்காளி விலை என்றேன். பனி என்றேன். பஞ்சு அடிக்கும்போது தும்மல் வருவதைச் சொன்னேன். அவள் அதைக் கேட்டதில்லையாம். பிறந்ததிலிருந்து மெத்தைக் கடையைப் பார்த்தும், அம்மா அங்கே பஞ்சுத் தூசியில் உட்கார்ந்து தும்மியது தனக்குத் தெரியாது என்றாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் இன்னும், இன்னும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீக்கிரமே எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தனபால் சார், "கோவமா பேசினாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேலூர் தாண்டிய பிறகும் எனக்குத் துணி துவைக்கிற அறையின் மூடிய கதவுதான் கண்ணில் நின்றது. அதற்கு வெளியே மேசையில் என் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான்.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை.

9

திரும்பி வந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது சாயங்காலங்களில் நான் மேசையில் அவர்களோடுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சிந்து அலுவலகத்துக் கதை ஏதாவது சொல்வாள். நிலா சீக்கிரம் எழுந்து போய்விடுவாள். மகனும் நானும் பேசுகிறோம். சாப்பாடு எப்படியிருக்கிறது, காரில் எண்ணெய் மாற்றினாயா, வேங்கிக்கால் வீட்டுக்கு வரி கட்டியாயிற்றா. இதற்குமேல் எங்களுக்கு வரவில்லை. நான் முயற்சி செய்யாமல் இல்லை.

இன்று இரவு சிந்துவும் நிலாவும் ஏதோ பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். சுபைதா போய் இன்றோடு ஒரு வருஷம் என்று சொன்னேன்.

"தெரியும்மா" என்றான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆம்பூரில் ஷாஹின் சொன்னதை அப்போதுதான் முதல் முறையாக அவனிடம் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். முடித்ததும், இத்தனை மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"உனக்கும் அப்ப கோவமா இருந்துச்சாடா?"

"கோவம் இல்லம்மா." சாதத்தைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தான். "வேலைய விட்டு வந்து காரை நிறுத்தினா உள்ள நீ சிரிக்கிற சத்தம் கேக்கும். அப்பா இருந்தப்போ சிரிப்பியே, அந்த மாதிரி. காரை விட்டு இறங்காம கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். நான் உள்ள வந்தா நீ நிறுத்திடுவ. என்னைப் பாத்ததும் குரலைக் கம்மி பண்ணிட்டு, போனை எடுத்துக்கிட்டுப் போயிடுவ."

"தொந்தரவா இருக்குமேன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றான்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி, நாளைக்குப் பனி இன்னும் ஜாஸ்தியாக இருக்குமாம், வெளியே எங்கேயும் போக வேண்டாம் என்றான்.

சரி என்றேன்.